‘நான் முஸ்லிம்’ என்று மனசாரச் சொல்வது எப்படி

போன வருஷம் ஜூன் மாசம் அக்கா மகன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். காரைக்குடியில் படித்து முடித்து வேலைக்குப் போன பிள்ளை, மூன்று வாரமாக வீடு தேடிக்கொண்டிருந்தான். போனில் பேசும்போது எல்லாம் ஒத்துவரும், வாடகை ஒத்துவரும், அட்வான்ஸ் ஒத்துவரும், நேரில் போய் நின்றதும் "பேர் என்ன தம்பி" என்பார்கள், பேரைச் சொன்னதும் "சொந்தக்காரங்க வர்றாங்கப்பா, இப்பத்தான் போன் வந்துச்சு" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். நான்காவது வீட்டுக்குப் பிறகு என்னிடம் கேட்டான்: "மாமா, பேரைச் சுருக்கி வேற மாதிரி சொல்லிரவா? நான் ஒண்ணும் அஞ்சு வேளை தொழுற ஆளும் இல்லையே."

முதல் பாதிக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன், அப்படிச் செய்யாதே என்று. இரண்டாவது பாதிதான் இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசலுக்குப் போகிற பிள்ளை, பேருக்காக மட்டும் வீடு மறுக்கப்படுகிற பிள்ளை, தன்னை முஸ்லிம் என்று எந்த உரிமையில் சொல்லிக்கொள்வது என்று கேட்கிறான். அவனுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்திலிருந்து, காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், புதுவயல் என்று ஊரை விட்டு வேலைக்குக் கிளம்புகிற நம் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும்.

வீடு அவசரம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். போனிலேயே, முதல் வார்த்தையாக, முழுப் பேரையும் சொல். நான் இன்னார், காரைக்குடிப் பக்கம், முஸ்லிம், இன்ன கம்பெனியில் வேலை, வீடு பார்க்க வரலாமா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், கொடுக்க மனசில்லாதவர்கள் அங்கேயே சொல்லிவிடுவார்கள், வெயிலில் பஸ் ஏறிப் போய் ஒருவர் வாசலில் நின்று முகம் சுண்டித் திரும்ப வேண்டியதில்லை. புரோக்கரிடமும் அப்படியே. அந்தப் பகுதியில் இருக்கிற பள்ளிவாசலுக்கு ஒரு ஜும்ஆவுக்குப் போய், தொழுகை முடிந்ததும் பாங்கு சொல்கிற மோதினாரிடம் "வீடு பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை போட்டு வை, பாதிப் பேருக்கு வீடு அப்படித்தான் கிடைக்கிறது. பேரை மாற்றிச் சொல்லி வீடு பிடித்தால் இரண்டாவது மாசமே ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள், அப்போது நீ பொய் சொன்னவன் என்பதும் சேர்ந்துகொள்ளும், நாளைக்கு அதே வாசலுக்கு வருகிற இன்னொரு பிள்ளைக்கு முன்னால் உன் பொய் போய் நிற்கும். வீடு மறுப்பது அவர்கள் செய்கிற தப்பு, அந்தத் தப்பை நீ தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. ஒரு மதத்தை ஏற்று, வெளிப்படையாக அதன்படி நடக்க அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு இந்த நாட்டில் எல்லாருக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. ஒளிந்து வாழ வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

சரி, இனி பெரிய கேள்விக்கு வருகிறேன்.

சொல்லின் பொருளிலிருந்து தொடங்கு. முஸ்லிம் என்ற அரபுச் சொல்லுக்குத் தன்னை இறைவனிடம் ஒப்படைத்தவர் என்று பொருள். உன் சாதிச் சான்றிதழில் லெப்பை என்று இருக்கும், 2007-இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென்று பிரித்துக் கொடுத்த 3.5 சதவீத ஒதுக்கீட்டில் உனக்குக் காலேஜில் இடம் கிடைத்தது, அது உன் நியாயமான உரிமை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் தாசில்தார் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் நீ யார் வீட்டில் பிறந்தாய் என்று மட்டும்தான் சொல்லும். ஒப்படைத்தாயா இல்லையா என்று தாசில்தாருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

குர்ஆனில் 49-ஆவது அத்தியாயம் 14-ஆவது வசனத்தை எடுத்துப் படி, நாலு வரிதான். பாலைவனத்து அரபிகள் சிலர் வந்து நாங்கள் ஈமான், அதாவது நம்பிக்கை, கொண்டுவிட்டோம் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் வருகிறது பார்: நீங்கள் இன்னும் ஈமான் கொள்ளவில்லை, கட்டுப்பட்டோம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஈமான் இன்னும் உங்கள் உள்ளத்துக்குள் நுழையவில்லை. இத்தோடு வசனம் முடிந்திருந்தால் நீயும் நானும் பயந்துதான் போயிருப்போம். அடுத்த வரி, நீங்கள் அல்லாஹ்வுக்கும் தூதருக்கும் கீழ்ப்படிந்தால் உங்கள் செயல்களில் எதையும் அவன் குறைக்க மாட்டான் என்று போகிறது. வந்தவர்களை யாரும் வெளியே தள்ளவில்லை, உள்ளே வர இன்னும் தூரம் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லி, வழியையும் திறந்து வைத்திருக்கிறது. அதனால் நீ தொழாததைக் காரணம் காட்டி, நான் முஸ்லிமே இல்லை போல என்று சொல்லாதே. நான் முஸ்லிம், இன்னும் சரியாகத் தொழ ஆரம்பிக்கவில்லை என்று சொல். உண்மையும் அதுதான்.

அப்புறம் கலிமா. சின்ன வயசில் மதரஸாவில் உட்கார்ந்து பாட்டு மாதிரி ஆடி ஆடிச் சொன்னோமே, அதை ஒரு தடவை நிதானமாகச் சொல்லிப் பார். ஷஹாதத் கலிமா ‘அஷ்ஹது’ என்று தொடங்குகிறது, நான் சாட்சி சொல்கிறேன் என்று அர்த்தம். வணங்கத் தகுந்தவன் அல்லாஹ் ஒருவன்தான், முஹம்மது நபி அவனுடைய தூதர் என்று சாட்சி. தேவகோட்டை கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன், ஏறினபிறகு எதிர்க்கட்சி வக்கீல் என்ன கேட்டாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் முஸ்லிம் என்று சொல்வதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்த நிமிஷத்திலிருந்து என் நாக்கையும் கையையும் தராசையும் பார்த்து, இவன் சொன்ன சாட்சி மெய்தானா என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் கடைக்கு வருகிற குழந்தை வரைக்கும் யாரும் சரிபார்க்கலாம் என்று நானே சம்மதம் கொடுக்கிறேன். யாருடைய நாவிலிருந்தும் கையிலிருந்தும் மற்ற முஸ்லிம்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களோ அவரே முஸ்லிம் என்று நபி சொன்னது ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பான புகாரியில் இருக்கிறது, மக்கள் எல்லாரும் பாதுகாப்பாக இருக்கிறார்களோ என்று இன்னொரு அறிவிப்பும் உண்டு.

இனி செய்ய வேண்டியவை. வரிசையாக எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை, அதற்குப் பள்ளிவாசலில் மார்க்கம் படித்த ஹஜ்ரத் இருக்கிறார். எனக்குத் தெரிந்து நாம் தடுமாறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தொழுகை. ஐந்து வேளைக்கும் சேர்த்துக் கடமையான பர்ளு 17 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று): விடியற்காலைச் சுபுஹு 2, லுஹர் 4, அஸர் 4, மஃரிப் 3, இஷா 4. தொழுகைக்கு முன்னால் முகம் கை கால் கழுவுகிற ஒளுவையும் சேர்த்து ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம் வை. கடமை ஐந்தும்தான், அதில் பேரம் இல்லை, ஆனால் ஒன்றுமே தொழாமல் இருந்தவன் திங்கட்கிழமை ஐந்தையும் பிடித்து வியாழக்கிழமை ஐந்தையும் விடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். உனக்கு நான் சொல்வது, சுபுஹை இறுக்கிப் பிடி. அதற்காக ராத்திரி சீக்கிரம் படுக்க வேண்டும், அதற்காகப் போனைத் தள்ளி வைக்க வேண்டும், ஒன்று சரியானால் அதோடு நாலு சரியாகும், மற்ற வேளைகளும் ஒவ்வொன்றாகத் தானே வந்து சேரும். ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் மொட்டை மாடிக்கு நழுவாதே. மேலதிகாரியிடம் போய், "சார், மதியம் பத்து நிமிஷம் தொழுதுட்டு வர்றேன், வேலை நிக்காது" என்று முதல் வாரமே சொல்லிவிடு, சொன்னபடி பத்து நிமிஷத்தில் திரும்பி வா, அந்தப் பத்து அரைமணி ஆனால் உனக்குப் பின்னால் கேட்கப் போகிறவனுக்கு நீ கதவை அடைக்கிறாய். வெளியூர்ப் பயணத்தில் நாலு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்று மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது, பஸ்ஸில் வந்தேன், அதனால் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

காசு விஷயத்தில் நான் கொஞ்சம் நின்று பேசுவேன், ஏனென்றால் நான் கடைக்காரன் வீட்டுப் பிள்ளை.

அத்தா புதுவயல் மில்லில் அரிசி எடுத்துவந்து காரைக்குடியில் சில்லறைக்கு விற்றார்கள். மில்லில் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, இரண்டு அரிசியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். நொறுங்குகிற சத்தத்திலேயே காய்ந்ததா ஈரமா என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கார்த்திகை மாசம் கடைக்கூரை ஒழுகி, அடியில் இருந்த மூணு மூட்டை நனைந்துவிட்டது. நான் அப்போது எட்டாவது. நல்ல அரிசியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போட்டால் யாருக்கும் தெரியாது என்று கடையில் வேலை பார்த்த அண்ணன் சொன்னார். அத்தா பதில் பேசவில்லை. மூணு மூட்டையையும் வாசல் பக்கம் இழுத்துப் போட்டு, வாயைப் பிரித்து, நனைந்த அரிசியை மேலே அள்ளி வைத்து, அட்டையில் ‘மழையில் நனைந்தது, விலை குறைவு, இட்லிக்கு ஆகும்’ என்று என்னையே எழுதச் சொன்னார்கள். பாதி விலைதான் கிடைத்தது. ரொம்ப வருஷம் கழித்து ஒரு ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் சொல்லித்தான் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. மதீனாக் கடைத்தெருவில் நபி ஒரு தானியக் குவியலுக்குள் கையை விடுகிறார்கள், விரலில் ஈரம் படுகிறது, மழை பெய்துவிட்டது என்கிறார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவர் இல்லை என்கிறார்கள் நபி. ஸஹீஹ் முஸ்லிம் என்கிற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பெரிய பாவங்களைப் பற்றிப் பேசும்போது வருகிற வார்த்தை, நனைந்த தானியத்தை மறைத்து வைத்ததற்கு வருகிறது.

நீ அரிசி விற்கவில்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாய். உனக்கும் நனைந்த மூட்டை உண்டு. வேலை முடியாமலே முடிந்தது என்று எழுதுவது, வராத நாளுக்கு வந்ததாகப் போடுவது, அனுபவச் சான்றிதழில் ஆறு மாசத்தைக் கூட்டுவது. தொப்பி போட்டுக்கொண்டு அதைச் செய்தால், பார்க்கிறவன் உன்னை மட்டும் நினைத்துக்கொள்ள மாட்டான், தொப்பியையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்வான்.

கடமையான தர்மமான ஜக்காத்தைச் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஏறத்தாழ 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் விலைக்குச் சமமான சேமிப்பு, தேவை போக ஒரு சந்திர வருஷம் உன்னிடம் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், லட்சத்துக்கு 2,500 ரூபாய். எந்த அளவுகோலை எடுப்பது, போட்டிருக்கிற நகைக்கு உண்டா இல்லையா என்பதில் மத்ஹபுக்கு மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு) வித்தியாசம் உண்டு, ஹஜ்ரத்திடம் கேட்டு ஒரு கணக்கைப் பிடித்துக்கொள். ஒரு பிறையைத் தேதியாக வை, எங்கள் வீட்டில் ரஜப் பிறை 1. அன்றைக்கு நோட்டை எடுத்து எழுது. யாருக்குக் கொடுப்பது என்று குர்ஆனின் 9:60, அதாவது 9-ஆவது அத்தியாயம் 60-ஆவது வசனம், எட்டு வகையாகச் சொல்கிறது, கஷ்டப்படுகிற சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம், ஆனால் அத்தா அம்மாவுக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் கொடுத்து ஜக்காத்தில் கழிக்க முடியாது, அவர்களைப் பார்த்துக்கொள்வது தனிக் கடமை. கொடுக்கும்போது போட்டோ எடுக்காதே, தயவுசெய்து.

அடுத்து, பெண்பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது. இதைச் சொல்லாமல் முஸ்லிம் என்ற வார்த்தையைப் பேச எனக்கு மனசு வரவில்லை. கல்யாணத்தில் ஆண் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்கிறது 4:4, மனமுவந்து கொடுங்கள் என்று. நாம் என்ன செய்கிறோம், பதிவுப் புத்தகத்தில் மஹரைச் சின்னத் தொகையாக எழுதிவிட்டு, பெண் வீட்டிலிருந்து கைக்கூலி என்கிற வரதட்சணையும் பவுனும் பைக்கும் வாங்குகிறோம், அந்தக் கல்யாணத்துக்கே பிஸ்மி போட்டுப் பத்திரிகையும் அடிக்கிறோம். உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அக்காவிடம் இப்போதே சொல்லி வை, ஒரு குண்டுமணி வாங்கக் கூடாது என்று. அக்கா முகத்தைத் தூக்குவாள், பரவாயில்லை, நான் பேசிக்கொள்கிறேன்.

சொத்துப் பங்கும் அப்படித்தான். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற பெரிய பெரிய வீடுகளின் வாசலில் விளையாடி வளர்ந்தவர்கள் நாம், தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தளமும் தூசி படிந்து கிடக்க, பங்குக்காரர்கள் ஒத்துவராமல் ஒரு சாவி நாலு ஊரில் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம், பங்கு என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் நம் வீடுகளில், "தங்கச்சிக்குத்தான் சீர் செஞ்சாச்சே, அப்புறம் என்ன பங்கு" என்று அண்ணன் தம்பிகள் பேசி முடித்துவிட்டு, விடுதலைப் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். 4:11, 4:12 வசனங்கள் தெளிவாகப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கின்றன. முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாமல் மரண சாசனம், மிச்சத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் உரிய பங்கு. பெண்ணுக்குப் பாதிதானே என்று வெளியில் இருப்பவர் கேட்டால் விளக்கம் சொல்ல முந்துகிறோம், அந்தப் பாதியைக் கொடுத்தோமா என்று வீட்டுக்குள் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பங்கு கொடுத்தபோது சொந்தத்திலேயே இரண்டு பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். இன்னும் பேசவில்லை.

பர்தாவைப் பற்றி ஒரே வரி. பெண்களுக்குச் சொல்கிற வசனம் 24:31. ஆண்களே பார்வையைத் தாழ்த்துங்கள் என்கிற வசனம் 24:30, அதாவது முந்தியது. முந்தியதை முதலில் செய்.

பக்கத்து வீடு. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட ஊற்றி அண்டை வீட்டாருக்கும் கொடு என்று நபி தன் தோழர் அபூதருக்குச் சொன்னார்கள். எங்கள் நன்னிக்கு, அதாவது பாட்டிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் இந்த ஹதீஸ்படி வாழ்ந்தவர்கள். நோன்பு மாசத்தில் வீட்டில் கஞ்சி காய்ச்சும்போது, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு எல்லாம் வெந்து தேங்காய்ப்பால் ஊற்றுவதற்கு முன்னால், கறி சேர்க்காமல் ஒரு சின்னச் சட்டி தனியாக எடுத்து வைப்பார்கள். அது எதிர் வீட்டு ஆச்சிக்கு, செவ்வாய் வெள்ளி ஆச்சி கவிச்சி தொட மாட்டார்கள். கரண்டியைக்கூட மாற்றித்தான் அள்ளுவார்கள். தூக்குவாளியைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை, வாளி வெறுமையாகத் திரும்பி வந்ததே இல்லை, வெள்ளைப் பணியாரமோ கந்தரப்பமோ இருக்கும். கார்த்திகை கழிந்து ஆச்சி வீட்டில் பிள்ளையார் நோன்பு, இழை எடுப்பார்கள், அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டுப் படைத்ததைக் கொடுத்து ஆச்சி ஒருநாளும் சங்கடப்படுத்தியதில்லை, படைப்பதற்கு முன்னாலேயே எங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். இரண்டு பேருமே அவரவர் மார்க்கத்தில் கறாரானவர்கள். உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு என்கிற 109-ஆவது அத்தியாயத்தைச் சண்டைக்கு இழுப்பது மாதிரி ஓதுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தனிச் சட்டிதான் ஞாபகம் வரும். உன் அறைத்தோழன் பூஜைப் பிரசாதம் நீட்டினால், "எங்க மார்க்கத்துல இது சாப்பிடக் கூடாதுடா, தப்பா நெனைக்காத" என்று சிரித்த முகத்தோடு சொல், வாங்கி மறைவாகப் போடாதே. அவன் கும்பிடுவதைக் கேலி பண்ணாதே, பிறர் வணங்குபவற்றைத் திட்டக் கூடாது என்று 6:108-இல் நேரடித் தடையே இருக்கிறது.

முஸ்லிம் என்றால் தமிழ் கொஞ்சம் குறைந்தவன் என்று நினைக்கிறவர்கள் அங்கே இருப்பார்கள், "நீங்க வீட்ல உருதுதானே பேசுவீங்க" என்று கேட்பார்கள். கோபப்படாதே. தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல், ஓதுவது என்று நாம் அன்றாடம் புழங்குகிற வார்த்தைகளைச் சொல்லிக் காட்டு, நம் மார்க்கமே நமக்குத் தமிழில்தான் வந்து சேர்ந்தது. காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் நீ. சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு.மு. இஸ்மாயில், முஸ்லிமாக இருந்துகொண்டே கம்பனில் ஊறித் திளைத்து, சென்னைக் கம்பன் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். உன் மொழியை ரசிப்பதற்கு உன் ஈமானில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று வரும், அதற்குத் தயாராக இரு. எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் ஆபீஸில் உன் முகத்தைப் பார்ப்பார்கள். நீ செய்யாததற்கு நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஆனால் கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்: அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவன் மனிதகுலத்தையே கொன்றவன் மாதிரி என்கிறது 5:32, செய்தவன் எந்தப் பேர் வைத்திருந்தாலும் அது அக்கிரமம். "ஆனா அவங்க மட்டும்" என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்காதே. நமக்கு அநியாயம் நடக்கும்போது பேசுவதும் கடமைதான், அதை அதற்குரிய நேரத்தில் பேசு. உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ சொந்தத்துக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்கிறது 4:135, ஒரு கூட்டத்தார் மேல் இருக்கிற வெறுப்பு உங்களை நீதி தவற வைக்க வேண்டாம் என்கிறது 5:8. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நம் குரூப்களிலேயே வருகிற ரத்தம் கொதிக்கிற வீடியோக்களுக்கு 49:6 இருக்கிறது, செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று. விசாரிக்க நேரமில்லை என்றால் அனுப்பாதே, ஒன்றும் குறைந்துவிடாது.

நமக்குள் நடக்கிற சண்டையில் தலையைக் கொடுக்காதே. நம் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு, கடற்கரைப் பக்கம் போனால் ஷாஃபி மத்ஹபு, கை கட்டுகிற இடமும் ஆமீன் சொல்கிற சத்தமும் மாறும். ஒருத்தர் திருமயம் போகிற வழியில் காட்டுபாவா பள்ளிவாசலில் இறங்கி அங்கிருக்கிற தர்காவில் பாத்திஹா ஓதிவிட்டுப் போவார், இன்னொருத்தர் அது கூடவே கூடாது என்பார். எனக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு, அதை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்துக்காரரைக் காஃபிர் (இறைமறுப்பாளன்) என்று மட்டும் சொல்லிவிடாதே, சகோதரனைப் பார்த்து ஒருவன் அப்படிச் சொன்னால் அந்த வார்த்தை இரண்டு பேரில் ஒருவர் மேல் வந்து விழும் என்று நபி எச்சரித்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கேள். மார்க்கத்திலேயே சந்தேகம் வந்தாலும் கேள், அதற்காக யாரும் உன்னை அடிக்க முடியாது, மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று 2:256 சொல்கிறது. திட்டுகிற ஆலிமிடம் போகாதே, பதில் சொல்கிற ஆலிமைத் தேடிக் கண்டுபிடி.

கடைசியாகக் கடன். குர்ஆனிலேயே நீளமான வசனம் 2:282. அது சொர்க்கத்தைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ பேசவில்லை, கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ளுங்கள், சிறிய தொகையானாலும் சலிக்காமல் எழுதுங்கள், சாட்சி வையுங்கள் என்று பேசுகிறது. செட்டியார் வீடுகளில் சிட்டையும் பேரேடும் எழுதுகிற கணக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த வசனம் உடனே விளங்கும். மூணு ரூபாய் சில்லறைப் பாக்கியைக்கூட அத்தா எழுதுவார்கள். நீயும் போனிலாவது எழுது, டீக்கடைப் பாக்கி, நண்பனிடம் வாங்கிய ஐந்நூறு, எல்லாம்.

அத்தா மௌத்தானது ஓர் ஐப்பசி மழை நாளில். அஸர் தொழுது முடித்து ஜனாஸாத் தொழுகைக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். மையத்துக்கு, அதாவது இறந்தவருக்கு, கடன் இருக்கிறதா என்று நபி கேட்டுவிட்டுத்தான் தொழவைப்பார்கள் என்பதால், நம் ஊர்களில் மகன் எழுந்து அறிவிப்பது வழக்கம். நான் சந்தூக்கு என்கிற மையத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "எங்க அத்தா யாருக்காவது ஏதாவது தர வேண்டியது இருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் தர்றேன்" என்று சொன்னேன். குரல் பாதியில் உடைந்துவிட்டது. அன்றைக்கு யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கடை வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார், உள்ளே வரத் தயங்கினார். "பெரியவர் எனக்கு எறக்குகூலி அறுபது ரூவா தரணும், சில்லறை இல்லேன்னு அன்னைக்கு நிப்பாட்டுனாரு. கேக்க கூச்சமா இருக்கு, ஆனா நீங்க பள்ளியில அப்படிச் சொன்னீங்கன்னு சொன்னாங்க" என்றார். நான் அத்தாவின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் அத்தாவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: ‘புதுவயல் லோடுமேன், சிவப்புத் துண்டுக்காரர், இறக்குகூலி பாக்கி 60.’ நிமிர்ந்து பார்த்தேன். சாயம் போன சிவப்புத் துண்டு தோளில் கிடந்தது.

அறுபதைக் கொடுத்து, அத்தா அடிக்கிற மாதிரியே அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, ‘வாழை இலைக்காரம்மா, 15.’ மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு அந்த அம்மாவைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போனேன்.